இடம் தாராளமான தொட்டி

வாளிக்குள் ஏழெட்டு விலாங்குக் குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தன.

வாளி அமலியக்காவின் கையில் இருந்தது.

ஒரு பக்கம் நெருக்கத் தொட்டி. மறுபக்கம் இடம் தாராளமான தொட்டி. நடுவில், சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, கையும் களவுமாக அமலியக்கா.

பிடித்தது, அந்தத் தொட்டிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிற மாணவி.

எத்தனை நாள் மண்டையைக் குடைந்த கணக்கு இது. நெருக்கத் தொட்டியில் குஞ்சுகள் குறைந்துகொண்டே வந்தன. கொக்கு தின்கிறதென்று மேலே வலை கட்டினாள். வடிகாலில் நழுவுகிறதென்று சல்லடையை மாற்றினாள். காவல்காரரைக்கூடச் சந்தேகப்பட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்கக் கூசினாள்.

கடைசியில் பார்த்தால், தீவனம் போடுகிற அமலியக்கா.

"எதுக்குக்கா?"

"பாவம்லா மேடம். அந்தத் தொட்டில மூச்சு முட்டக் கெடக்குதுவ. இங்கன இம்புட்டு எடம் சும்மா கெடக்கு."

சும்மாவா கிடக்கிறது?

ஒரே அளவுத் தொட்டிகள். ஒரே தண்ணீர். ஒரே தீவனம். ஒன்றில் கொஞ்சம் குஞ்சுகள், இன்னொன்றில் பல மடங்கு. எது எப்படி வளர்கிறதென்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. அது முடிந்தால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் வேலை. முதல் நாளே அமலியக்காவை உட்கார வைத்து எல்லாம் சொன்னாள். அமலியக்காவும் தலையை ஆட்டினாள். ஆட்டிய தலையில் ஒன்றும் ஏறவில்லை.

இனி எல்லாம் முதலிலிருந்து.

அதுவும் நினைத்தபோது முடியாது. விலாங்கு தொட்டியில் முட்டையிடுவதில்லை. மழைவெள்ளம் கடலில் கலக்கிற நாளில் குஞ்சுகள் ஆற்றுமுகத்தில் ஏறி வரும். அப்போது பிடித்தால் உண்டு. அடுத்த மழை வரைக்கும் பேராசிரியர் முன்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கருணை பொங்குவதற்கு இந்த அம்மாளுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

அந்த நேரம் பார்த்து அமலியக்காவின் செல்போன் அடித்தது.

மகள். தினமும் இதே நேரம்தான். அந்தக் கதை மாணவிக்கு மனப்பாடம். ஒன்பது பேர் ஒண்டிக் கிடக்கிற ஒற்றை அறையிலிருந்து மகளைப் பாளையங்கோட்டை மாடி வீட்டில் கட்டிக்கொடுத்த கதை. அங்கே மாப்பிள்ளையும் மாமியாரும் மட்டும். மகளுக்குக் காலை நீட்டிப் படுக்கத் தனி அறை. வேலைக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி அமலியக்கா சொல்வாள்.

போனில் மகளின் அழுகை தள்ளி நின்ற மாணவிக்கே கேட்டது.

அமலியக்கா வாளியைக் கீழே வைக்கவில்லை. எப்போதும் சொல்வதைத்தான் சொன்னாள்.

"பொறுத்துக்க பிள்ள. நல்ல எடம்லா. இங்க வந்து எங்க படுப்ப?"

போனை வைத்துவிட்டாள்.

மாணவிக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. அமலியக்காவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக இடம் தாராளமான தொட்டிக்குக் கூட்டிப்போனாள். குஞ்சுகள் ஒளிந்துகொள்ள அடியில் போட்டிருந்த குழாய்த் துண்டுகளுக்கு நடுவே கைவலையை விட்டுத் துழாவினாள். கிடைத்ததை அமலியக்காவின் உள்ளங்கையில் கவிழ்த்தாள்.

வால் இல்லை. முதுகெல்லாம் கடி.

உயிர் மட்டும் இருந்தது.

"நீங்க காப்பாத்துனது இதுதான். மத்ததெல்லாம் செத்து, அதையும் தின்னு தீத்திருக்கும். எடம் இருந்தா ஒவ்வொண்ணும் ஒரு மூலையப் பிடிச்சுக்கிட்டு அதிகாரம் பண்ணும். புதுசா வர்றத விரட்டி விரட்டிக் கடிக்கும்."

அமலியக்கா கையை அசைக்கவில்லை. குஞ்சு உள்ளங்கைக் குழியில் சுருண்டது.

"நெருக்கத்துல கடிக்காதா மேடம்?"

"விரட்டுறதுக்கு எடம் வேண்டாமா? மெலிஞ்சு கெடக்கும். சரியா வளராது. ஆனா இப்படிக் குதறிப் போடாது."

காற்றுக்குழாய் தண்ணீருக்குள் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"இத அங்கயே திரும்ப விட்டா பொழச்சுக்கிடுமா?"

"பொழச்சாலும் பொழைக்கும். விட்டுத் தொலைங்க."

அமலியக்கா நெருக்கத் தொட்டிக்குள் முழங்கை வரை கையைத் தாழ்த்தினாள். குஞ்சு கொஞ்சம் தயங்கியது. பிறகு கூட்டத்துக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகு எது அதுவென்று தெரியவில்லை.

அமலியக்கா கையை வெளியே எடுக்கவில்லை.

நாளைக்கு எல்லாத் தொட்டிகளையும் வடிக்க வேண்டும். எண்ண வேண்டும், எடை போட வேண்டும். எவ்வளவு மிஞ்சியிருக்கிறதென்று பேராசிரியரிடம் சொல்ல வேண்டும். அமலியக்கா இல்லாமல் அது ஆகாது. விடிந்ததும் வந்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"நாளைக்கு லீவு வேணும் மேடம்," என்றாள் அமலியக்கா, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "பாளையங்கோட்ட வரைக்கும் போகணும்."

நாளைக்கா? நாளைக்குத்தானா கிடைத்தது?

கேட்க வந்தவள் வாளியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"மொத பஸ்ஸுக்கே போங்க," என்றாள்.

அதட்டலாகத்தான் வந்தது.