இரண்டாவது பொட்டலம்

பூப் பொட்டலங்களை நான்தான் கட்டினேன்.

அம்மாவின் விரல்கள் மரத்துப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் பூட்டிவிடுவேன். நூலில் முடிச்சுப் போடுவதெல்லாம் அவரால் ஆகாத காரியம்.

வெள்ளை வந்தால் ஓக்லாந்துப் பள்ளிக்கூடம். சிவப்பு வந்தால் கடல் தாண்டித் தெற்குத் தீவு.

இரண்டு இடத்திலும் விஞ்ஞானத்துக்கென்று தனி வகுப்பு. பரீட்சை வைத்துப் பொறுக்கித்தான் பிள்ளைகளை எடுப்பார்கள். இரண்டிலும் எனக்கு இடம் கிடைத்திருந்தது. இங்கே ஓக்லாந்தில் உள்ளதற்கு, சான்ட்ரிங்ஹாமில் எங்கள் வீட்டுக்கு முன்னாலிருந்தே பஸ். அங்கே உள்ளதில் விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். வானம் பார்க்கத் தனியாக ஒரு கூடமே கட்டி வைத்திருந்தார்கள். ஐந்து வருடம் அங்கேயே தங்க வேண்டும்.

கேள்விப்பட்டவர்கள் பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றார்கள். அவர்கள் யாரும் எங்கள் முன்னறையில் நின்ற மெஷினைப் பார்த்ததில்லை.

வாரத்தில் மூன்று நாள் அம்மாவின் இரத்தத்தை அதுதான் சுத்தம் செய்தது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தது அப்பாவுக்கு. அப்பாவுக்கு மனுகாவில் வேலை, மாலை ஷிப்ட். ஆகவே செய்தது நான்.

நாலு மணிக்குப் பூட்டினால் ஒன்பதுக்குத்தான் கழற்றலாம். முதல் மாதம் ஊசி ஏற்றும்போது எனக்குக் கை நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை. பிறகு எதற்குமே நடுங்கவில்லை.

அலாரத்துக்குக் காது கொடுத்தபடி மெஷினுக்குப் பக்கத்திலேயே வீட்டுப்பாடம் செய்வேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார்.

நான் போய்விட்டால் அம்மா பழையபடி ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும். போன குளிர்காலத்தில் அப்படி அலைந்துதான் பஸ் தரிப்பில் மயங்கி விழுந்தார்.

இதைப்பற்றி வீட்டில் யாரும் கதைக்கவில்லை. இரண்டு கடிதங்களையும் அப்பா பிரிஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். இரண்டு கிழமை அவை அங்கேயே இருந்தன. பால் எடுக்கும்போதெல்லாம் பார்ப்பேன். எனக்கு ஒன்றும் தோன்றாது.

பதில் அனுப்பக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. தொண்ணூற்றாறு ஆகஸ்ட்.

அப்பாவுக்கு வாயால் ஒரு முடிவைச் சொல்லப் பயம். ஊரில் கல்யாணத்துக்கும் காணிக்கும் பூக்கட்டிப் பார்த்த குடும்பம். பிள்ளையாரிடமே விட்டுவிடுவோம் என்றார். அம்மா ஓம் என்றார். நானும் ஓம் என்றேன்.

மல்லிகைக்கு இங்கே எங்கே போவது. பக்கத்து வேலியில் வெள்ளையும் சிவப்புமாகக் கமேலியா பூத்துக் கொட்டியது. இரண்டிலும் பறித்து வந்தேன். இதழ்களைப் பேப்பரில் மடித்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டேன். மிஞ்சியதைப் பிள்ளையாரின் காலடியில் தூவிவிட்டு, பொட்டலங்களைத் தட்டில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை என்பதால் தலைமுழுக்கு. குளித்து, தலை துவட்டி வர அரைமணி நேரம் ஆகியது. அதுவரை அப்பா நித்திரை. அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் தனியே உட்கார்ந்திருந்தார்.

அப்பா எழும்பி வந்து கற்பூரம் கொளுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார்.

சிவப்பு.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பேனையை எடுத்துத் தெற்குத் தீவுக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். எழுத்து கோணலாகத்தான் விழுந்தது.

நான் அந்த இதழ்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்பு வரவே முடியாது. இரண்டு பொட்டலத்திலும் நான் வெள்ளையைத்தான் வைத்திருந்தேன்.

சிவப்பையெல்லாம் பிள்ளையாரின் காலடியில் தூவியிருந்தேன். இப்போது அங்கே வெள்ளை மட்டும் கிடந்தது.

இரண்டாவது பொட்டலத்துக்குக் கை நீட்டினேன். அதற்குள் அம்மாவின் கை அதைப் பொத்திக்கொண்டது.

"மற்றதைப் பிரிக்கப்படாது, கஜானி. பிள்ளையார் ஒருக்காத்தான் சொல்லுவார்."

அப்பாவும் தலையாட்டினார். பிரிக்காமல் செடியடியில் போடுவதுதான் முறை என்றார்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தால் என் களவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டின கதை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வேலிப் பக்கம் போனேன்.

அது என் முடிச்சு இல்லை. ஒற்றை முடிச்சு. நூலின் இரண்டு நுனியும் ஈரமாக இருந்தன. பல் பதிந்து நசுங்கியிருந்தன.

விரல் கேட்காததால் அம்மா வாயால் கடித்து இழுத்திருக்கிறார். ஒன்றல்ல, இரண்டு பொட்டலம்.

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. கமேலியா அடியில் ஈரமண்ணைக் கிளறி, பிரிக்காமலே வைத்து மூடினேன். கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன்.

அன்று மெஷின் நாள்.