பச்சை விளக்கு

பெயர்ப் பொத்தானை அமுக்கிவிட்டுச் சிறுநீர் கழித்தால், கழிப்பறை தானே சோதித்துச் சொல்லும் முடிவு தினமும் காலையில் பிருந்தாவின் போனுக்கு வந்துவிடும். பதினாறு வயது மகள் நிறைமதிக்குக் கர்ப்பமில்லை, பால்வினைத் தொற்றில்லை என்று இரண்டு பச்சை விளக்குகள் எரிந்த பிறகுதான் பிருந்தாவுக்குக் காபியே இறங்கும்.

பொங்கல் கழிந்த இந்தக் காலையிலும் பச்சைதான். ஆனால் நிறைமதி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது.

"என்னடி ஆச்சு?"

கதவோரம் நின்ற ஏழு வயதுச் சின்னவள்தான் விசும்பினாள்.

"அக்கா பேரை அமுக்கிட்டு நான்தாம்மா ஒண்ணுக்குப் போனேன்."

பிருந்தா அவள் தோளைப் பற்றினாள். "எப்போலேர்ந்துடி?"

"தீபாவளிலேர்ந்து. சிவப்பு வந்தா நீ அக்காவைக் கொன்னுடுவியேம்மா."