எட்டாக மடித்த தாள்

"வாயைத் திறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்? புருஷன்தானே, ஒரு சிட்டிகை கேளேன்!" என்றாள் அக்கா, கழுவிய குடுவைகளைக் கவிழ்த்தபடி.

"கேக்க மாட்டேன்க்கா." அவள் கரைசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆய்வகத்தில் குடுவை கழுவும் அக்காவுக்கு ரசாயனம் தெரியாது. ஆனாலும் ஏழு மாதமாகப் பார்த்துப் பார்த்து ஒன்று புரிந்திருந்தது. பாலுக்கு உறைமோர் மாதிரி, இந்தக் கரைசலுக்கு ஏற்கெனவே வளர்ந்த படிகத்தின் பொடி கொஞ்சம் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று விழுந்தாலும் போதும். விழாதவரை, பிளாஸ்டிக் தயாரிக்கும் வினையூக்கிக்காக அதில் கரைத்த உப்பு படிகமாகாமல் வெறும் தண்ணீராகவே கிடக்கும்.

அந்தப் பொடி இருந்தது ஒரே ஓர் இடத்தில். அவள் கணவன் வேலைக்குப் போன ஆய்வகத்தில்.

இதே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்தான். வெளியூரில் வேலை கிடைத்ததும், "நீயும் வா" என்றான் அவன்.

"இந்தப் படிகம் வளரட்டும். வளர்ந்த அன்னிக்கே பெட்டியோட வந்து நிக்கிறேன்."

"அப்ப அதையே கட்டிக்கிட்டு அழு!" என்று கிளம்பியவன்தான். போன் இல்லை, கடிதம் இல்லை. அங்கே படிகம் வளர்ந்த சேதியைக்கூட யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். வீம்புக்கு அவளிடமும் குறைச்சல் இல்லை. ஆனால் தபால்காரர் வரும் நேரத்தில் மட்டும் தினமும் கை வேலை ஓடாது.

அன்றைக்கு அவர் ஒரு கவரை நீட்டினார்.

"அக்கா, அவர் கையெழுத்து!"

மேஜையில் கரைசல் திறந்தபடி இருந்தது. அதை மூடக்கூடத் தோன்றாமல், நின்ற இடத்திலேயே கவரைக் கிழித்தாள். எட்டாக மடித்த ஒரு தாள். பரபரவென்று பிரித்தாள். முன்பக்கம் எதுவும் இல்லை. திருப்பினாள். பின்பக்கமும் இல்லை. உள்ளே வேறு துண்டு இருக்குமோ என்று கவரையும் உதறிப் பார்த்தாள்.

"என்னம்மா எழுதியிருக்காரு?"

"ஒண்ணும் எழுதலக்கா. திட்டக்கூட இல்ல."

"அவசரத்துல மறந்திருப்பாரும்மா…"

"விலாசம் மட்டும் மறக்கலையாக்கா?"

'நலமா' என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால்கூட அவள் இன்னும் ஏழு மாதம் காத்திருப்பாள்.

"முடிஞ்சு போச்சுக்கா. அதைத்தான் சொல்லாம சொல்லியிருக்காரு." தாளை இழுப்பறையில் திணித்தாள். கரைசலை மூடிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை மாடிப்படி ஏறும்போதே அக்காவின் குரல் கேட்டது.

"ஓடி வாம்மா! தண்ணியெல்லாம் கல்லாயிடுச்சு!"

பாத்திரம் முழுக்க ஊசி ஊசியாகப் படிகங்கள். அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பொடியே இல்லாமல் எப்படி?

சட்டென்று இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தாள். கடிதத்தை யார் எட்டாக மடிப்பார்கள்? பொடியைத்தான் அப்படிப் பொட்டலம் கட்டுவார்கள். இதே மேஜையில் அவனும் அவளும் எத்தனை கட்டியிருக்கிறார்கள்! மடிப்பின் ஓரத்தில் இன்னும் நாலைந்து துகள்கள் மினுக்கின.

அவள் சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. "மறுபடி என்னம்மா பாக்குறே? அதுலதான் ஒண்ணும் எழுதலையே?"

"எழுதியிருக்காருக்கா," என்றாள் அவள். "பெட்டியோட வந்து நில்லுன்னு எழுதியிருக்காரு."