நாற்பது வினாடி

கம்பியைப் பிடுங்கியதும் அவள் எண்ணத் தொடங்கினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

திரையில் போர்ட்டல் அப்படியே இருந்தது. பதினோரு மருத்துவமனைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

நான்கு. ஐந்து.

அறையில் கைதட்டல் எழுந்தது.

“ஒரு செகண்ட் கூட நிக்கலையேம்மா!” மேலாளர் அழகேசன் பிடுங்கிய கம்பியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். “சோதனை வெற்றின்னு எழுதிக் கையெழுத்தப் போடு. திங்கக்கிழமை உன் வேலை பெர்மனென்ட். எல்லாருக்கும் சமோசா, என் செலவு.”

“சார் செலவா? அப்ப போர்ட்டல் இப்பத்தான் விழப்போவுது,” என்றாள் நபீசா.

எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் மட்டும் நாற்பதுவரை எண்ணி முடித்தாள்.

வடிவமைப்பு அவளுடையது. ஒரே வேலைக்கு இரண்டு சர்வர்கள். முதலாவது நின்றால் இரண்டாவது அதைத் தானே கண்டுகொண்டு வேலையை ஏற்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய நாற்பது வினாடி பிடிக்கும். அவ்வளவு நேரமும் திரை வெறுமையாக இருக்கும். மாலை வகுப்பு நோட்டில் மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள்.

திரை வெறுமையாகவே இல்லை.

கணக்கில் தன் தவறாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தாள். எப்போதும் அப்படித்தான் நினைப்பாள்.

பிறகு சர்வரின் பதிவைத் திறந்தாள்.

முதல் சர்வரில் போர்ட்டல் நின்றுபோய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. காலை பதினொன்று இருபதுக்கு நின்றிருக்கிறது. முகப்பு விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்திருக்கின்றன. முப்பத்தெட்டாவது வினாடியில் இரண்டாவது சர்வர் வேலையை ஏற்றிருக்கிறது.

அன்றிலிருந்து அது ஒற்றையாக ஓடிக்கொண்டிருந்தது.

இன்று அவர்கள் பிடுங்கியது, ஏற்கெனவே நின்றுபோனதன் கம்பியை.

பக்கத்துக் கம்பியைப் பிடுங்கியிருந்தால்?

பதினோரு மருத்துவமனைகளுக்கும் முடிவுகள் நின்றிருக்கும்.

எச்சரிக்கை போகாமல் இல்லை. மணிக்கு ஒன்றாக மின்னஞ்சல் போயிருந்தது. இதுவரை நானூற்று ஐம்பத்தேழு.

எல்லாம் ஒரே முகவரிக்கு.

இன்னாசி.

சர்வர்களின் பொறுப்பாளர். எந்த எச்சரிக்கைக்கும் இரண்டு நிமிடத்தில் பதில் போடுகிறவர். ‘பார்த்துட்டேன்’ என்று ஒரே சொல். ஞாயிற்றுக்கிழமை பூசையில் இருந்தாலும் மாதாகோயில் வாசலுக்கு வந்து போட்டுவிட்டு உள்ளே போவார்.

அவரை அடக்கம் செய்து இரண்டு மாதம் ஆகிறது. இந்த அறையில் இருக்கும் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். அவளும் ஒரு பிடி மண் போட்டாள்.

அவருடைய அஞ்சல் பெட்டியை மூட யாருக்கும் தோன்றவில்லை.

தான் வரைந்த படத்தை எடுத்து விரித்தாள். சர்வர் இரண்டு. மின்சார வழி இரண்டு. இணைய இணைப்பு இரண்டு. தரவின் நகல் இரண்டு.

வலது மூலையில், எச்சரிக்கை போகவேண்டிய இடத்தில், அவள் கையெழுத்திலேயே, ஒரே ஒரு பெயர்.

சமோசா வந்தது. நபீசா ஒன்றைக் காகிதத்தில் வைத்து அவள் பக்கம் தள்ளினாள். அவள் தொடவில்லை. சோதனைப் படிவத்தையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு அழகேசனின் மேசைக்குப் போனாள். பதிவைக் காட்டினாள்.

அவர் மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் மேலே போனார். முகவரியில் வந்து நின்றார்.

“இன்னாசிக்கா போய்ட்டிருந்துச்சு?”

அவள் தலையசைத்தாள்.

“தோல்வின்னு எழுதினா உன் டிசைன் தப்புன்னு ஆயிரும்மா. திங்கக்கிழமை...”

“தெரியும் சார்.”

முடிவு என்ற கட்டத்தில் ‘தோல்வி’ என்று எழுதினாள். எழுத்து சற்றுக் கோணலாக விழுந்தது.

பொறுப்பாளர் என்ற இடத்தில் இன்னாசியின் பெயர் அச்சாகியிருந்தது. அதன்மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டாள். மெதுவாக. பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.

படிவத்தில் அதற்குமேல் இடம் இல்லை.

ஓரத்து வெள்ளையில், இன்னொரு பெயர் எழுத, ஒரு கோடு இழுத்தாள். அதற்கு முன்னால் எழுதினாள்: இவர் இல்லாவிட்டால்.

பேனாவை அவர் பக்கம் நீட்டினாள்.

அதை வாங்குவதற்காக அழகேசன் விரல்களில் இருந்த சமோசா எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்தார். ஒவ்வொரு விரலாக.