குளிரறையில் அப்பா

அந்த ஊரில் இப்போது யாரையும் புதைப்பதில்லை; இறந்தவர்களை அவரவர் வீட்டிலேயே ஒரு குளிரறையில் வைத்துக்கொள்வார்கள். எஸ்தரின் கணவர் தாவீதும் இறந்த நாளிலிருந்து வீட்டுக் குளிரறையில்தான் இருந்தார்.

எஸ்தருக்குக் குளிர் ஒவ்வாமை. குளிர்ந்த எதைத் தொட்டாலும் தோல் சிவந்து தடித்துவிடும். மாத்திரை போடாமல், கையுறை மாட்டாமல் உள்ளே போனால் தொண்டை வீங்கி உயிருக்கே ஆபத்தாகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

ஒருநாள் காலையில் அம்மாவின் மணிக்கட்டில் ஐந்து விரல்கள் பதிந்ததுபோல் தடிப்பு இருப்பதை மகள் பெனிட்டா பார்த்தாள்.

"யாரும்மா இப்படிப் பிடிச்சது?"

"உங்கப்பாதான். அவரு கைக்குள்ள என் கையக் குடுத்தேன். மாத்திரை போட்டா தடம் விழ மாட்டேங்குது, அதான் நிறுத்திட்டேன்."

சொல்லும்போதே எஸ்தருக்கு மூச்சு அடைத்தது. பெனிட்டா அவசர ஊசியைப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாள். எஸ்தர் பிழைத்துக்கொண்டாள்.

இனி அம்மா உள்ளே போகவே கூடாது என்று, குளிரறையைப் பூட்டிவிட பெனிட்டா வீடு திரும்பினாள். பூட்டுவதற்கு முன் அப்பாவின் கன்னத்தை ஒருமுறை தொட்டாள். இத்தனை நாளில் அதுதான் முதல் தடவை.

வெளியே வந்ததும் உள்ளங்கை அரித்தது. பார்த்தாள். சிவந்து தடித்திருந்தது. அவளுக்கு இதுவரை அப்படி வந்ததேயில்லை.

அப்பாவைத் தொட்ட இடம் கதகதவென்று சுட்டது. பூட்டைக் கையில் வைத்தபடி, அவள் மறுபடியும் கதவைத் திறந்தாள்.