நன்றி, கிடைத்தது

“ஃபாரம் கெட்டுப் போச்சும்மா! மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிக் குடுத்துட்டுப் போ” என்று அலறினான் டோர்பென். ஓல்போர்க் நகரில் அவனுக்கு வாடகைக் குடியிருப்புகள் நிறைய.

எதிரில் காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள் ரிக்கே. அவன் வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவள். கெட்டுப்போனதாக அவன் சொன்னது, குடித்தனக்காரர்கள் புகார் எழுதும் பக்கம்.

அது அவளுக்கு நன்றாகவே தெரியும். போன குளிர்காலத்தில் அவன் வீட்டில்தான் குடியிருந்தாள். ஹீட்டர் ஓடவில்லை, சுவரெல்லாம் பூஞ்சை, மகன் விகோ நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஃபாரத்தை நிரப்பி நிரப்பி அனுப்பினாள். ஒவ்வொரு முறையும் பச்சை எழுத்தில் ‘நன்றி, கிடைத்தது’ என்று வந்தது.

குடித்தனக்காரர் வழக்குகளைத் தீர்க்கும் வாடகை வாரியத்தில் முறையிட்டாள். அதற்கு டோர்பென் எழுதிய பதில், ‘எனக்கு ஒரு புகாரும் வரவில்லை.’ பாவி! வழக்கு தோற்றது, மேல்முறையீடு பாக்கி. எல்லாம் கடிதத்திலேயே நடந்ததால் அவள் முகம் அவனுக்குத் தெரியாது. பேரை எங்கே ஞாபகம் வைத்திருக்கப் போகிறான்!

ஒரு புகாரைத் தட்டி அனுப்பிப் பார்த்தாள். டோர்பெனின் போன் ‘டிங்’ என்றது.

“வந்துடுச்சே! நல்லாத்தானே வேலை செய்யுது?”

“அதாம்மா கோளாறே! இத்தனை வருஷம் ஒண்ணும் வராது. போன வாரத்துலருந்து ஹீட்டரு, குழாய், எலின்னு உயிரை வாங்கறானுங்க. பழையபடி ஆக்கு. எழுதறவனுக்கு நன்றி சொல்லணும், எனக்கு வரக் கூடாது.”

அந்தப் பக்கத்தை இயக்கும் பிஎச்பி நிரல் கோப்பில், மெயில் அனுப்பும் வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டால் போதும். கணினி அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். அப்படித்தான் வெகுநாளாய் இருந்தது. போன வாரம் அந்தக் கோடுகளை எடுத்தவளே ரிக்கேதான்.

ரிக்கே சிரித்தாள்.

“பண்ணிடலாம். ஆனா எழுதிக் குடுக்காம எங்க ஆபீஸ்ல ஒரு புள்ளியைக்கூடத் தொட விட மாட்டாங்க.”

மடிக்கணினியில் தன் கம்பெனியின் வேலை ஆணைப் பக்கத்தைத் திறந்தாள். ‘நகல்’ என்ற கட்டத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியைத் தட்டிவிட்டு அவன் பக்கம் திருப்பினாள்.

“முன்னாடி எப்படி இருந்துச்சு, இப்ப என்ன வேணும்னு உங்க வார்த்தையிலயே போடுங்க. அப்பத்தான் அதே மாதிரி வரும்.”

“இதுக்கெல்லாம் ஒரு கடுதாசியா?” என்று முணுமுணுத்துக்கொண்டே விலாவாரியாகத் தட்டினான். கீழே தன் பேரையும் போட்டுப் பொத்தானை அழுத்தினான். பச்சை எழுத்தில் ‘நன்றி, கிடைத்தது’ என்று வந்தது.

“என் ஃபாரம் மாதிரி இதுவும் குப்பைக்குப் போயிடாதே?” என்று கண்ணடித்தான்.

ரிக்கே எழுந்து மழைக்கோட்டை மாட்டிக்கொண்டாள்.

“சேச்சே! வாடகை வாரியத்துக்கே போய்ச் சேர்ந்துடுச்சு.”