கைப்பிடி வைத்த சோபா

"அப்பா, காலை நல்லா நீட்டிப் படுங்க. நான் தள்ளி நின்னு பார்க்கறேன்."

கடை நடுவில், நாலு பேர் பார்க்க, செருப்பைக் கழற்றிவிட்டு சோபாவில் படுக்கச் சொன்னான் மகன். பெரியவர் படுத்தார். அவர் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று மகன் குனிந்து பார்த்தான்.

"நீயே படுத்துப் பாரேன்டா."

"எனக்குக் கூச்சமா இருக்குப்பா. நாம ரெண்டு பேரும் ஒரே உயரம்தானே. உங்களுக்குச் சரியா இருந்தா போதும்."

போதும்தான். இதில் படுக்கப்போவது யார் என்று பெரியவருக்குத் தெரியாதா என்ன?

மகனும் மருமகளும் சமையலறையில் பேசிக்கொண்டது முந்தாநாள் அவர் காதில் விழுந்திருந்தது. அறையை மாற்ற வேண்டும், ஹாலுக்கு ஒரு சோபா வேண்டும், அது தினமும் படுக்கத் தோதாக இருக்க வேண்டும். கடைசியாக மருமகள் சொன்னாள்: "மாமாகிட்ட இப்பவே சொல்ல வேண்டாம். ஒத்துக்க மாட்டார்." அதற்கு மேல் கேட்க அவருக்குத் தெம்பில்லை.

வீட்டில் இருப்பதே இரண்டு அறை. பெரியதில் மகன், மருமகள், பேத்தி. சின்னதில் அவர். பேத்திக்கோ தனி அறை கேட்கிற வயது. போதாததற்குப் போன மாதம் குளியலறைக்குப் போகிற வழியில் இவர் வழுக்கி விழுந்து தொலைத்தார். விழுகிற ஆளை ஹாலில், கண்ணெதிரே போட்டு வைப்பதுதானே வசதி? தன் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தது பெரிய தப்பு என்று அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து மனசு அடித்துக்கொண்டது.

"இது மணல் நிறம் ஐயா, இது தந்த நிறம், இது சாம்பல்ல கொஞ்சம் பழுப்பு கலந்தது. எந்தச் சுவருக்கும் ஒத்துப்போகும்," என்று விற்பனைப் பெண் வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்தாள். அவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே டீதான். ஒன்றில் பால் கொஞ்சம் தூக்கல், அவ்வளவே.

மகன் அவளை ஓரமாகக் கூப்பிட்டான். "தினமும் ஒருத்தர் படுத்து எழுந்தா குழி விழாதே?"

"பெரியவருக்கா சார்?"

மகன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். "வீட்டுக்குத்தான்," என்றான் தணிந்த குரலில்.

அது காதில் விழுந்த பெரியவருக்குச் சுருக்கென்றது. அப்பனைத் தூக்கி ஹாலில் போடத் துணிந்தவனுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று எழுந்தார்.

மூலையில் இன்னொரு சோபா கிடந்தது. முதல் சோபா மாதிரியே துண்டு துண்டாகச் சேர்த்து எல் வடிவத்தில் போட்டது, அதே மணல் நிறம். ஆனால் ஒவ்வோர் இருக்கைக்கும் நடுவில் ஒரு கைப்பிடி. பேருந்து நிலைய பெஞ்சுகளில் இப்படித்தான் வைப்பார்கள், யாரும் நீட்டிப் படுத்துவிடக் கூடாது என்று. வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவருக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா?

கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "இதைக் கழட்ட முடியுமாம்மா?"

"கழட்டவே முடியாது ஐயா. உள்ளே இரும்புச் சட்டத்தோட சேர்த்துப் பத்த வெச்சது. யானை இழுத்தாலும் அசையாது."

"அப்ப இதுதான்."

மகன் முகம் வாடிவிட்டது. "அப்பா, இதுல உட்காரத்தான் முடியும்."

"சோபான்னா உட்காரத்தான். படுக்கக் கட்டில் இருக்குல்ல?"

"இல்லப்பா, அந்த மொதல் சோபா..."

"வயசான காலத்துல எழுந்திருக்கப் பிடிமானம் வேணும்டா. வாங்கறதுன்னா இதை வாங்கு. இல்லையா, எனக்குச் சோபாவே வேண்டாம்."

அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழகாத பிள்ளை. மருந்துக்கடையில் நாள் பூரா நின்று நின்று வலிக்கிற இடுப்பைத் தடவிக்கொண்டே அந்தக் கைப்பிடிகளைப் பார்த்தான். "சரிப்பா. பகல் பூரா உட்காரப்போறது நீங்கதானே. உங்க இஷ்டம்."

வீடு வரும்வரை பெரியவர் வாய்க்குள் சிரித்துக்கொண்டே வந்தார். ஆனாலும் பெற்ற பிள்ளையிடம் மல்லுக்கட்டி ஓர் அறையைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறதே என்ற வருத்தமும் கூடவே வந்தது.

மறுநாள் மாலை அவர் நடந்துவிட்டு வந்தபோது சோபா வந்து இறங்கியிருந்தது. அதன்மேல் ஒரு தலையணை, ஒரு போர்வை.

இதற்குத்தானே காத்திருந்தார். "இதுல எப்படிம்மா மனுஷன் படுக்கிறது? நடுவுல நடுவுல கைப்பிடி. நான் என் ரூம்லயே இருந்துக்கறேன்."

மருமகள் புரியாமல் பார்த்தாள். "நீங்க எதுக்கு மாமா இதுல படுக்கணும்? உங்க கட்டிலைப் பெரிய ரூமுக்கு மாத்தியாச்சு. பாத்ரூம் அங்க உள்ளேயே இருக்கு, இனிமே இருட்டுல தட்டுத்தடுமாறி நடக்க வேண்டாம். முன்னாடியே சொன்னா நீங்க வேண்டாம்னுடுவீங்கன்னுதான் சொல்லலை. சின்ன ரூம்ல நானும் குட்டியும் படுத்துக்குவோம். மூணு பேருக்குத்தான் அங்க இடம் பத்தாது."

"அப்ப அவன்?"

"அவர் இடுப்புக்குத் தரையில படுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதுக்குத்தானே மாமா சோபா வாங்கப் போனீங்க..."

வேலை முடிந்து வந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்த மகன் அங்கிருந்தே சிரித்தான். "விடுங்கப்பா. பழகிடும்." ஹாலுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவே இடுப்பை ஒடுக்கி, கால்களைத் தூக்கி ஒரு கைப்பிடிமேல் போட்டுச் சாய்ந்து காட்டினான்.

பெரியவர் குனிந்து அந்தக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். விற்பனைப் பெண் பொய் சொல்லவில்லை, அது அசையவே இல்லை.